சுங்க வரி நீங்கிய பிறகும் லாரிகள் எல்லையில் நிற்பது ஏன்?

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, ஸ்வினசுண்ட் என்ற இடத்தில் நாட்டின் எல்லையைக் கடக்கிறது. இரு நாட்டு மக்களும் மறுபக்கம் சென்று வேலை செய்யலாம், குடியேறலாம். தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க வரி கிடையாது. அப்பொருள்களுக்கான தர விதிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் சரக்கு லாரிகள் அங்குள்ள சுங்கத்துறை அலுவலகத்தில் ஆவணங்களைக் காட்டிவிட்டே நகர வேண்டியிருக்கிறது. அதே ஸ்வீடனிலிருந்து பாலத்தின் வழியே டென்மார்க்குக்குச் செல்லும் லாரிக்கு இந்தத் தேவை இல்லை.

நார்வே ஐரோப்பாவின் பொதுச் சந்தைக்குள் இருக்கிறது. ஆனால் அதன் சுங்க ஒன்றியத்துக்குள் இல்லை. ஸ்வீடனும் டென்மார்க்கும் இரண்டிலும் இருக்கின்றன. வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றிய செய்திகளில் 'தடையற்ற வர்த்தகம்', 'சுங்க ஒன்றியம்', 'பொதுச் சந்தை' என்ற சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குவதால், இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியாமலே போகிறது. அதனால்தான் "வரி பூஜ்யமாகிவிட்டது" என்று அறிவிக்கப்பட்ட மறுநாளும் ஏற்றுமதியாளர் ஏன் வரி கட்டுகிறார், ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்தாண்டுகள் கழிந்த பிறகும் இரு நாடுகளுக்கிடையிலான வர்த்தகம் ஏன் உயரவில்லை என்ற கேள்விகள் புதிராகவே நிற்கின்றன. ஓர் ஒப்பந்தத்தின் உண்மையான உள்ளடக்கம் அதன் வரி அட்டவணையைவிட அதன் விதிகளில் இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து படிப்படியாகப் பார்ப்போம்.

நாடுகள் வர்த்தகம் செய்வது ஏன்?

ஒரு நாடு எல்லாப் பொருள்களையும் மற்றொரு நாட்டைவிடக் குறைந்த உழைப்பில் செய்யக்கூடியதாக இருந்தால், அது ஏன் எதையும் வாங்க வேண்டும்? இதற்கு 1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ ஓர் எண்கணக்கின் வழியே விடை சொன்னார். குறிப்பிட்ட அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பும், குறிப்பிட்ட அளவு திராட்சை மதுவைச் செய்ய 120 பேரின் உழைப்பும் தேவை; போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேரும், மதுவுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்ச்சுகலே திறமையானது. இரு நாடுகளும் தனித்தனியே இரண்டையும் செய்தால் மொத்தம் 390 பேரின் உழைப்பு செலவாகும். இங்கிலாந்து துணியை மட்டும் இரண்டு பங்கும், போர்ச்சுகல் மதுவை மட்டும் இரண்டு பங்கும் செய்து பரிமாறிக்கொண்டால், 200 பேரும் 160 பேருமாக மொத்தம் 360 பேர் போதும். அதே துணி, அதே மது. 30 பேரின் ஓராண்டு உழைப்பு மிச்சம்.

இதைப் பொருளியலில் ஒப்பீட்டு நன்மை என்பார்கள். ஒரு நாடு தன் அண்டை நாட்டைவிடச் சிறப்பாகச் செய்வது எது என்பது இங்கே கேள்வியில்லை. தான் செய்யக்கூடியவற்றுள் எதைச் செய்தால் மற்றதை இழப்பது குறைவு என்பதே கேள்வி. இந்தக் கணக்கு சரியானது. ஆனால் துணியிலிருந்து மதுவுக்கோ மதுவிலிருந்து துணிக்கோ தொழிலாளர்கள் தடையின்றி மாறிவிடுவார்கள் என்ற அனுமானம் அதற்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நடைமுறையில் ஐம்பது வயது நெசவாளர் திராட்சைத் தோட்டத்துக்கு மாறுவது எளிதன்று. இந்த இடைவெளிக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

பொதுவிதியும் அதற்கான விலக்கும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 23 நாடுகள் ஜெனீவாவில் 1947 அக்டோபர் 30 அன்று கையெழுத்திட்ட வரி, வர்த்தகப் பொது உடன்பாட்டை, அதன் சுருக்கப் பெயரான 'காட்' என்றே செய்தித்தாள்கள் எழுதிவந்தன. 1930-களில் நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு சுங்க வரியை உயர்த்தியதும் உலக வர்த்தகம் சரிந்ததும் அதை உருவாக்கியவர்களின் நினைவில் பசுமையாக இருந்தன. 1995 ஜனவரி 1 அன்று அமைந்த உலக வர்த்தக அமைப்பு அந்த உடன்பாட்டைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. இன்று அதில் 166 உறுப்பினர்கள் உள்ளனர்.

அந்த உடன்பாட்டின் முதல் பிரிவு 'மிக வேண்டப்பட்ட நாடு' என்ற கொள்கையைச் சொல்கிறது. பெயர் தவறான பொருளைத் தரக்கூடியது. ஒரு நாட்டைத் தனியாகச் சீராட்டுவது இதன் நோக்கமன்று. ஓர் உறுப்பு நாட்டுக்கு எந்த வரிச் சலுகை கொடுக்கப்பட்டாலும் அதை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மிக வேண்டியவருக்குக் கொடுப்பதை எல்லாருக்கும் கொடு என்பதாகக் கொள்ளலாம்.

அப்படியானால் இரண்டு நாடுகள் தங்களுக்குள் மட்டும் வரியை நீக்கிக்கொள்வது எப்படிச் சட்டப்படி செல்லும்? அதே உடன்பாட்டின் 24-ஆம் பிரிவு இதற்கு விலக்களிக்கிறது. முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, உறுப்பு நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தில் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஏற்பாடு உள்ளடக்க வேண்டும். தமக்கு வசதியான சில பொருள்களை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. இரண்டு, வெளியிலுள்ள நாடுகளுக்கு எதிரான தடைகள் முன்பிருந்ததைவிட உயரக் கூடாது. வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1979-இல் இன்னும் தளர்வான விலக்கு சேர்க்கப்பட்டது. விலக்காகத் தொடங்கியது இன்று விதியளவு பெருகிவிட்டது: இவ்வகை ஒப்பந்தங்கள் உலகில் 350-க்கும் மேல் நடைமுறையில் உள்ளன.

ஒருங்கிணைப்பின் படிகள்

பொருளாதார ஒருங்கிணைப்பை ஓர் ஏணியாகப் பிரித்துக் காட்டும் முறையை 1961-இல் ஹங்கேரியில் பிறந்த பொருளியலாளர் பேலா பலாசா முன்வைத்தார். சிறு மாற்றங்களுடன் அதுவே இன்றும் பயன்படுகிறது.

1. தடையற்ற வர்த்தகப் பகுதி. உறுப்பு நாடுகள் தங்களுக்கிடையே சுங்க வரியை நீக்குகின்றன. ஆனால் வெளிநாடுகளிலிருந்து வரும் பொருள்களுக்கு எவ்வளவு வரி என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே தீர்மானிக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்றும் செய்துகொண்டு 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க ஒப்பந்தமும், 2020-இல் அதன் இடத்தைப் பிடித்த புதிய ஒப்பந்தமும் இந்த வகை. 2022 ஜனவரி 1 முதல் செயல்படும், 15 ஆசிய-பசிபிக் நாடுகளைக் கொண்ட விரிவான பிராந்தியப் பொருளாதாரக் கூட்டாண்மையும் இதே வகைதான்.

2. சுங்க ஒன்றியம். உள்ளே வரி இல்லை என்பதோடு, வெளியுலகுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரியை விதிக்கின்றன. 1834-இல் ஜெர்மானிய அரசுகள் ஏற்படுத்திய ஒன்றியம் வரலாற்றில் புகழ்பெற்றது. இன்று செயல்படுபவற்றுள் மிகப் பழையது 1910-இல் உருவான தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் 1957-இல் ரோமில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 1968 ஜூலை 1 அன்று தங்கள் சுங்க ஒன்றியத்தை முழுமையாக்கின.

3. பொதுச் சந்தை. பொருள்களோடு சேவைகளும் மூலதனமும் மனிதர்களும் எல்லை தாண்டி நகரலாம். ஐரோப்பா இந்த நிலையை 1993 ஜனவரி 1 அன்று எட்டியது. சுங்க ஒன்றியத்திலிருந்து இங்கு வர அதற்கு கால் நூற்றாண்டு பிடித்தது.

4. பொருளாதார ஒன்றியம். நாணயம், வட்டி விகிதம், அரசின் வரவுசெலவுக் கட்டுப்பாடு போன்றவற்றிலும் கொள்கைகளை இணைப்பது. 1999-இல் கணக்குகளிலும் 2002-இல் மக்களின் கையிலும் வந்த யூரோ இதன் உதாரணம்.

இவற்றை ஏணியின் படிகள் என்று சொல்வது விளக்கத்துக்கு வசதியானது. எல்லா நாடுகளும் ஏறியே தீர வேண்டிய ஏணியென்று அதற்குப் பொருளில்லை. தொடக்கத்தில் கண்ட நார்வே இரண்டாம் படியில் கால் வைக்காமலே மூன்றாம் படியின் பெரும்பகுதியில் நிற்கிறது. 1972-லும் 1994-லும் நடந்த வாக்கெடுப்புகளில் அந்நாட்டு மக்கள் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் முழு உறுப்பினராவதை நிராகரித்தார்கள். வேளாண்மையையும் மீன்வளத்தையும் தங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது அதற்கு முக்கியக் காரணம். எல்லையில் லாரி நிற்பது அந்தத் தெரிவுக்கு அவர்கள் அறிந்தே கொடுக்கும் விலை.

பொருளின் பிறப்பிடம் எது?

மேற்கண்ட நான்கிலும் முதல் வகைதான் உலகில் மிக அதிகம். அதில்தான் பொதுவெளியில் மிகக் குறைவாகப் பேசப்படும் சிக்கலும் இருக்கிறது.

'அ', 'ஆ' என்ற இரு நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொண்டதாகக் கொள்வோம். வெளிநாட்டு மிதிவண்டிக்கு 'அ' 5 சதவீத வரியும் 'ஆ' 30 சதவீத வரியும் விதிக்கின்றன. மூன்றாம் நாட்டு உற்பத்தியாளர் என்ன செய்வார்? மிதிவண்டியை 'அ' நாட்டில் இறக்கி, 5 சதவீதத்தைக் கட்டி, அங்கிருந்து வரியில்லாமல் 'ஆ' நாட்டுக்கு அனுப்பிவிடுவார். 'ஆ' நாட்டின் 30 சதவீத வரி ஒரே நாளில் பொருளற்றுப் போகும். இதைத் தடுக்கவே மூல நாட்டு விதிகள் எழுதப்படுகின்றன. வரிச்சலுகை வேண்டுமானால் அந்தப் பொருள் உண்மையிலேயே உறுப்பு நாட்டில் உருவானது என்று மெய்ப்பிக்க வேண்டும். சுங்க ஒன்றியத்தில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரே வரி என்பதால், உள் எல்லையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஸ்வினசுண்டில் லாரி நிற்பதற்கும் டென்மார்க் பாலத்தில் நிற்காததற்கும் அடிப்படை இதுதான்.

விளைபொருள், கனிமம் போன்றவற்றுக்குப் பிறப்பிடத்தைச் சொல்வது எளிது. பல நாட்டுப் பாகங்கள் சேர்ந்த பொருளுக்கு எது பிறப்பிடம்? நடைமுறையில் மூன்று சோதனைகள் பயன்படுகின்றன.

1. வகைப்பாட்டு மாற்றம். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும், 1988 முதல் நடைமுறையில் உள்ள பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. இறக்குமதி செய்த மூலப்பொருளின் எண்ணில் முதல் நான்கு இலக்கங்களும், முடிந்த பொருளின் முதல் நான்கு இலக்கங்களும் வேறுபட்டால் அது புதிய பொருள். பால் பாலாடைக்கட்டியாகும்போது எண் மாறுகிறது. பெரிய மூட்டைச் சர்க்கரையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டும்போது மாறுவதில்லை.

2. மதிப்புக் கூட்டல். பொருளின் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம் உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும்.

3. குறிப்பிட்ட செய்முறை. துணியை வெட்டித் தைப்பது போதுமா, துணியையும் அங்கேயே நெய்திருக்க வேண்டுமா, நூலையும் அங்கேயே நூற்றிருக்க வேண்டுமா என்று விதி சொல்லிவிடும்.

இவை வெறும் தொழில்நுட்ப விவரங்களாகத் தோன்றலாம். ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றக்கூடியவை இவை என்பதற்கு ஆயத்த ஆடைத் தொழிலே சான்று. மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து வரும் ஆயுதங்கள் தவிர்த்த அனைத்துப் பொருள்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் வரியை நீக்கியது. ஆனால் ஆடைகளைப் பொறுத்தவரை துணி நெய்வது, தைப்பது என்ற இரு கட்டங்களும் பயனாளி நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும் என்பது விதி. பெரிய நெசவாலைகள் இல்லாத கம்போடியா போன்ற நாடுகள் வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்தன. ஆகவே வரி பூஜ்யம் என்று சட்டத்தில் எழுதியிருந்தும் அவற்றின் ஆடைகளில் பெரும்பகுதிக்குச் சலுகை கிட்டவில்லை. 2011 ஜனவரி 1 முதல் அந்நாடுகளுக்கு ஒரு கட்டம் மட்டும் நடந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. கம்போடியாவிலிருந்து ஐரோப்பாவுக்கான ஆடை ஏற்றுமதி வேகமாக உயர்ந்தது. அதற்கு முன்பும் வரி பூஜ்யம். அதற்குப் பின்பும் பூஜ்யம். மாறியது பிறப்பிடத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் மட்டுமே. வரி அட்டவணையை மட்டும் வைத்து ஒப்பந்தங்களை எடைபோடுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்வை ஆழ்ந்து பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கருவி பயன்படுகிறது. வட அமெரிக்க ஒப்பந்தத்தில் ஒரு கார் வரிச்சலுகை பெற அதன் மதிப்பில் 62.5 சதவீதம் மூன்று உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்றிருந்தது. 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம் அதைப் படிப்படியாக 75 சதவீதமாக்கியது. கூடவே, காரின் மதிப்பில் 40 சதவீதமும் சரக்கு வாகனத்தின் மதிப்பில் 45 சதவீதமும், மணிக்குச் சராசரியாக 16 டாலருக்குக் குறையாத ஊதியம் பெறும் தொழிலாளர்களால் உருவாக்கப்பட வேண்டும் என்ற புதிய நிபந்தனையும் சேர்ந்தது. மெக்சிகோவின் தொழிற்சாலை ஊதியம் அந்த அளவை எட்டுவதில்லை என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். வரியைத் தொடாமலே உற்பத்தியை வடக்கே இழுக்கும் முயற்சி இது.

நிறுவனங்களும் கணக்குப் போடுகின்றன. ஒப்பந்தத்துக்கு வெளியிலிருந்து வரும் காருக்கு அமெரிக்காவின் பொதுவான வரி நெடுங்காலம் 2.5 சதவீதமாகவே இருந்தது. ஒவ்வோர் உதிரிபாகத்தின் மூலத்தையும் கண்டறிந்து, ஆவணப்படுத்தி, பல ஆண்டுகள் பாதுகாப்பதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகமானால், சலுகையைக் கைவிட்டு வரியைக் கட்டுவதே லாபம். சில நிறுவனங்கள் அப்படியே செய்தன. சிறிய சரக்கு வாகனத்துக்கோ 1960-களிலிருந்து 25 சதவீத வரி. அங்கே எவ்வளவு செலவானாலும் விதிக்கு உட்படுவதே அறிவுடைமை. சலுகை எவ்வளவு பெரியது என்பதையும், அதைப் பெற ஆகும் செலவு எவ்வளவு என்பதையும் ஒருசேரப் பார்க்காமல் ஒப்பந்தத்தின் பயனை அளக்க முடியாது. இந்தச் செலவு சிறு நிறுவனங்களையே அதிகம் அழுத்துகிறது: நூறு சரக்குப் பெட்டகங்கள் அனுப்பும் நிறுவனத்துக்கும் ஒரே பெட்டகம் அனுப்பும் நிறுவனத்துக்கும் கற்க வேண்டிய விதிப்புத்தகம் ஒன்றுதான்.

சுங்க ஒன்றியம் கேட்கும் விலை

பிறப்பிடத் தொல்லை இவ்வளவு என்றால், எல்லா நாடுகளும் சுங்க ஒன்றியத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். அங்கே விலை வேறு வடிவில் இருக்கிறது. வெளியுலகுக்கு ஒரே வரி என்றால், வெளியுலகோடு பேச்சு நடத்துவதும் ஒரே குரலில்தான் முடியும். தனி நாடாக வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை போய்விடும்.

துருக்கியின் நிலை இதைத் தெளிவாகக் காட்டும். 1995-இன் கடைசி நாளிலிருந்து அது தொழிற்சாலைப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர் அன்று. 2011 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் தென் கொரியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் செயல்படத் தொடங்கியது. ஐரோப்பியத் துறைமுகத்தில் வரியின்றி இறங்கும் கொரியப் பொருள் அங்கிருந்து துருக்கிக்குள் வர வழி உண்டு. துருக்கியப் பொருளோ கொரியாவுக்குள் வரியின்றிப் போக முடியாது. ஏனெனில் அந்த ஒப்பந்தத்தில் துருக்கி ஒரு தரப்பாகவே இல்லை. தன் பங்குக்குக் கொரியாவுடன் தனியே பேசி முடித்து, அது 2013 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்வரை, துருக்கியின் கதவு ஒருபக்கமாகவே திறந்திருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லாமல் அதன் முடிவுகளுக்கு மட்டும் கட்டுப்படுவது எவ்வளவு பலவீனமான நிலை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டன், அந்த ஆண்டின் முடிவில் சுங்க ஒன்றியத்தையும் பொதுச் சந்தையையும் சேர்த்தே விட்டதற்கு, தனியே ஒப்பந்தங்கள் செய்யும் உரிமையை மீட்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சுங்க ஒன்றியத்தைவிட்டு வெளியேறினால் எங்கோ ஓரிடத்தில் சுங்க எல்லை வந்தே தீரும். அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையில் அதை வைப்பது, 1998-இல் பாடுபட்டு எட்டிய அமைதி உடன்பாட்டுக்கு ஆபத்தாகும். எனவே சோதனைகள் பிரிட்டனின் பெருந்தீவுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான கடலுக்கு நகர்ந்தன: ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே சரக்குச் சோதனை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் செய்துகொண்ட விண்ட்சர் ஏற்பாடு அதை எளிமையாக்கியது, நீக்கவில்லை.

ஒப்பந்தம் எப்போது நட்டமாகும்?

வரி குறைந்தால் நன்மைதானே என்ற எண்ணத்தை 1950-இல் ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் மறுத்தார். சிலருக்கு மட்டும் வரியை நீக்குவது, எல்லாருக்கும் நீக்குவதிலிருந்து அடிப்படையில் வேறானது என்பது அவர் வாதம். ஓர் எண்கணக்கில் பார்ப்போம்.

ஒரு பொருளை உள்நாட்டில் செய்ய 130 ஆகிறது. பங்காளி நாட்டில் 110. உலகிலேயே மலிவாகச் செய்யும் மூன்றாம் நாட்டில் 100.

1. எல்லாருக்கும் 40 சதவீத வரி இருந்ததாகக் கொள்வோம். மூன்றாம் நாட்டுப் பொருள் 140, பங்காளி நாட்டுப் பொருள் 154. எனவே மக்கள் உள்நாட்டுப் பொருளையே 130 கொடுத்து வாங்குவர். இப்போது பங்காளிக்கு மட்டும் வரி நீங்கினால், அதன் பொருள் 110-க்குக் கிடைக்கும். விலை உயர்ந்த உற்பத்தி நின்று, விலை குறைந்த உற்பத்தி அந்த இடத்துக்கு வருகிறது. இது வர்த்தக ஆக்கம்.

2. தொடக்க வரி 20 சதவீதம் மட்டுமே என்றால் கதை மாறுகிறது. மூன்றாம் நாட்டுப் பொருள் 120, பங்காளியுடையது 132, உள்நாட்டினது 130. மக்கள் மூன்றாம் நாட்டுப் பொருளை வாங்குகின்றனர். அரசுக்கு 20 வரி வருகிறது. பங்காளிக்கு மட்டும் வரி நீங்கியதும் 110-க்குக் கிடைக்கும் பங்காளியின் பொருளுக்கு மக்கள் மாறுகின்றனர். வாங்குபவருக்கு 10 மிச்சம்; அரசுக்கு 20 இழப்பு. முன்பு வாங்கிய அளவைப் பொறுத்தவரை நாட்டுக்கு நிகரமாக 10 நட்டம். உலகின் மலிவான உற்பத்தியாளரிடமிருந்து விலை கூடியவரிடம் வர்த்தகம் திரும்பிவிட்டது. இது வர்த்தகத் திசைமாற்றம்.

3. அதே நேரத்தில் மூன்றாம் நாட்டுக்கான வரியும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டால்? அதன் பொருள் 105, பங்காளியுடையது 110. வர்த்தகம் மலிவான இடத்திலேயே நிற்கும்.

மூன்றாம் கணக்கு செய்திகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. ஒரு தனி ஒப்பந்தம் தீங்கு செய்வதும் செய்யாததும், அதற்கு வெளியே இருக்கும் நாடுகளுக்கு எவ்வளவு உயரமான சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிவரியை உயரத்தில் வைத்துக்கொண்டு, நட்பு நாட்டுக்கு மட்டும் கதவைத் திறப்பது மிகவும் விலையுயர்ந்த நட்பாக முடியலாம். சுங்க வருவாயை நம்பி நிர்வாகம் நடத்தும் ஏழை நாடுகளுக்கு இந்த 20-இன் இழப்பு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கக்கூடிய பணத்தின் இழப்பு.

வரிக்குப் பின்னால் நிற்கும் தடைகள்

ஜெர்மனியில் பழச்சாற்று மதுவகைகளில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 15 முதல் 20 சதவீதம் கொண்ட பிரெஞ்சு மது ஒன்றை இறக்குமதி செய்ய விரும்பிய நிறுவனத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சுங்க வரி பல ஆண்டுகளுக்கு முன்பே நீங்கியிருந்தது. பொருள் மட்டும் உள்ளே வர முடியவில்லை. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்து விற்கப்படும் பொருளை, உடல்நலம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் மற்றோர் உறுப்பு நாடு தடுக்கக் கூடாது என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. இதைப் பரஸ்பர அங்கீகாரம் என்கிறார்கள்.

பொதுச் சந்தையின் உயிர்நாடி இதுதான். தர விதிகள், ஆய்வுச் சான்றிதழ்கள், தொழில்முறைத் தகுதிகள் ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வைத்திருந்தால், வரி பூஜ்யமானாலும் ஒரே பொருளை இருமுறை சோதிக்க வேண்டும், இருமுறை பதிவுசெய்ய வேண்டும். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே இன்றுள்ள ஒப்பந்தம், மூலநாட்டு விதிகளுக்கு உட்பட்ட எல்லாப் பொருள்களுக்கும் சுங்க வரியோ அளவுக் கட்டுப்பாடோ இல்லாதது. ஆயினும் பொதுச் சந்தையைவிட்டு வெளியேறிய பிறகு, இறைச்சிக்கும் பால்பொருள்களுக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் தேவைப்பட்டது. உயிருள்ள சிப்பி போன்ற சில பொருள்களின் ஏற்றுமதி வெகுவாகத் தடைப்பட்டது. அவற்றில் எதற்கும் ஒரு காசு வரி இல்லை.

ஒரே நாணயம் என்ற கடைசிப் படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனி நாணயம் வைத்திருக்கும் நாடு நெருக்கடியில் அதன் மதிப்பைக் குறைத்துத் தன் பொருள்களை மலிவாக்கலாம். அந்தக் கருவியைக் கைவிடும் நாட்டுக்கு, தொழிலாளர்கள் எல்லை தாண்டி நகரும் வாய்ப்போ, பொது வரவுசெலவிலிருந்து வரும் உதவியோ ஈடாக இருக்க வேண்டும் என்று 1961-லேயே பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் சுட்டிக்காட்டினார். 2010-இல் கிரீஸ் நெருக்கடியில் விழுந்தபோது நாணயத்தைக் குறைக்க வழியில்லாமல், ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் குறைக்க நேர்ந்தது. அந்நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 25 சதவீதத்தைத் தாண்டியது.

லாபம் நாட்டுக்கு, நட்டம் யாருக்கு?

நெசவாளர் திராட்சைத் தோட்டத்துக்கு மாறுவது எளிதன்று என்று முன்பு விட்டுவந்த இடத்துக்குத் திரும்புவோம். சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன் ஏற்றுமதி பெருகியதால் 1999-க்கும் 2011-க்கும் இடையில் அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் குறைந்தன என்று டேவிட் ஆட்டர், டேரன் அசமோக்லு உள்ளிட்ட பொருளியலாளர்கள் மதிப்பிட்டனர். எண்ணிக்கையைவிட முக்கியமானது, அது எங்கே விழுந்தது என்பது. மரச்சாமான், ஜவுளி, காலணித் தொழில்களை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் முழுவதுமாக அடிவாங்கின. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்கு நகர்வார்கள் என்று பாடப்புத்தகம் எதிர்பார்த்தது, பெரும்பாலோர் நகரவில்லை. வீடும் கடனும் முதிய பெற்றோரும் இருக்கும் ஊரைவிட்டு மனிதர்கள் அவ்வளவு எளிதில் கிளம்புவதில்லை.

வர்த்தகத்தின் லாபம் கோடிக்கணக்கானோருக்குச் சில்லறையாகப் பரவுகிறது. நட்டம் சில ஆயிரம் குடும்பங்கள் மீது ஒட்டுமொத்தமாக இறங்குகிறது. லாபம் நட்டத்தைவிடப் பெரியது என்பதால் இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய முடியும் என்று கோட்பாடு சொல்கிறது. முடியும் என்பதும் செய்யப்படுகிறது என்பதும் வேறு. அமெரிக்காவில் 1962-இல் தொடங்கிய, வர்த்தகத்தால் வேலை இழந்தோருக்கான உதவித் திட்டம், 2022 ஜூலை 1 முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்கும் அதிகாரத்தை இழந்தது. நாடாளுமன்றம் அதை நீட்டிக்கவில்லை. வர்த்தகத்துக்கு எதிரான கோபத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. வாக்குறுதி அளிக்கப்பட்ட ஈடு வந்து சேராததன் கணக்கும் அதில் இருக்கிறது.

ஒப்பந்தச் செய்தியை வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

புதிதாக ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்படும்போது, எத்தனை சதவீதப் பொருள்களுக்கு வரி நீங்குகிறது என்ற எண்ணே தலைப்பாகிறது. அதற்கடுத்து வாசகர் தேட வேண்டியவை இவை.

1. வரி நீங்கும் பொருள்களுக்கு முன்பு உண்மையில் எவ்வளவு வரி இருந்தது? ஏற்கெனவே 1 அல்லது 2 சதவீதமாக இருந்தவற்றை நீக்கி எண்ணிக்கையை உயர்த்திக் காட்ட முடியும். வரி எத்தனை ஆண்டுகளில் படிப்படியாக நீங்குகிறது என்பதும் இதனுடன் சேர்ந்த கேள்வி.

2. விலக்கப்பட்ட பொருள்கள் எவை? அவை பெரும்பாலும் வேளாண் பொருள்கள். எதிர்த்தரப்பு உண்மையில் விற்க விரும்பியவையும் அவையாகவே இருக்கும்.

3. மூலநாட்டு விதி என்ன, அதை நிறைவேற்றத் தேவையான மூலப்பொருள் உறுப்பு நாடுகளுக்குள் கிடைக்கிறதா? பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், மின்சாரக் கார்களின் மின்கலம் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவாகியிருக்க வேண்டும், இல்லையேல் 10 சதவீத வரி என்ற கடுமையான விதி 2024 ஜனவரியில் வரவிருந்தது. போதுமான மின்கலத் தொழிற்சாலைகள் இரு பக்கமும் இல்லை என்பது தெளிவானதும், 2023 டிசம்பரில் அதை 2026-இன் முடிவுவரை தள்ளிவைத்தார்கள்.

4. சான்றிதழ்களையும் சோதனை முடிவுகளையும் ஒருவர் மற்றவருடையதை ஏற்கிறார்களா?

5. உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று விற்கக்கூடிய வேறுபட்ட பொருள்களும், அவற்றைக் கொண்டுசெல்லும் சாலையும் துறைமுகமும் இருக்கின்றனவா? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சரக்கு ஏற்றுமதியில் சுமார் 60 சதவீதம் ஒன்றுக்கொன்று செய்துகொள்வது. ஆப்பிரிக்காவில் இந்தப் பங்கு 15 சதவீத அளவிலேயே நிற்கிறது. 2021 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதியின் எதிரில் நிற்கும் தடைகளில் வரியைவிடப் பெரியவை, இல்லாத ரயில் பாதைகளும் எல்லையில் கழியும் நாட்களும்.

6. ஒரு தரப்பு மீறினால் யார் தீர்ப்புச் சொல்வது? இந்தக் கேள்வி இன்று முன்னெப்போதையும்விடக் கனமானது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வுக்குப் புதிய உறுப்பினர்களை நியமிப்பதை அமெரிக்கா தடுத்துவந்ததால், 2019 டிசம்பரிலிருந்து அந்த அமர்வு வழக்குகளை விசாரிக்க முடியாத நிலையில் இருக்கிறது. கீழ்நிலைக் குழுவின் தீர்ப்பு தனக்குப் பாதகமானால், வழக்கில் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருக்கலாம். விசாரிக்க ஆளில்லாததால் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் வலிமை பெறாமலே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் 2020-இல் தங்களுக்குள் ஒரு மாற்று மேல்முறையீட்டு ஏற்பாட்டைச் செய்துகொண்டன. அது அதில் சேர்ந்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அமெரிக்கா அதில் சேரவில்லை.